வைப்பாற்று முதலை

"எவன்லே இங்கன முதலை இருக்குன்னு எழுதுனது?"

ஜல்லிக்கரண்டியும் கையுமாகக் கத்தினார் சம்சு.

வெம்பக்கோட்டை ஆத்தங்கரையில் அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் பஜ்ஜிக்கடை. ஊரே கூடி ஆற்றைச் சுத்தம் பண்ணின பிறகுதான் சிவகாசிக்காரர்கள் குடும்பம் குடும்பமாகக் குளிக்க வந்தார்கள். முன்பெல்லாம் ஒரு சட்டி மாவு மிஞ்சும். இப்போது மூன்று சட்டி பத்தாது. அதுவும் தண்ணீர் ஓடுகிற இரண்டு மாதத்துக்குத்தான்.

இன்றைக்கு வந்த இரண்டு வேனும் கரையில் ஊன்றியிருந்த முதலைப் பலகையைப் பார்த்ததும் திரும்பிவிட்டன.

பக்கத்தில் கடலை விற்கும் பொன்னுத்தங்கம் பலகைக்குப் பொட்டு வைத்துச் சூடம் காட்டிக்கொண்டிருந்தாள்.

"கும்பிட்டா ஒண்ணும் செய்யாது பாய். நேத்தே வாலைப் பார்த்தேன்."

"வாலையா?"

"நுனி மட்டும்."

சம்சு பலகையைப் பிடுங்கினார். பச்சைப் பெயிண்ட் ஈரமாகக் கையில் ஒட்டியது. ஆற்றுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்ற பட்டாசுத் தொழிலாளி நாகையாவின் சட்டையிலும் அதே பச்சை!

"என் பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே நாகையா! உனக்கு நான் என்ன கெடுதல் செஞ்சேன்?"

"கோவப்படாதீக பாய். இந்தச் சாக்கைப் பாருங்க. கையை விட்டுராதீக."

நாகையா கரைக்கு இழுத்து வந்த சாக்கு நிறைய உடைந்த பாட்டில் சில்லுகள்.

"போன ஞாயித்துக்கிழமை நீங்க போன பொறவு, குடிக்க வந்தவனுக பாறையில அடிச்சு உடைச்சிருக்கானுக. வேலை விட்டு வந்து தினமும் தடவித் தடவி எடுக்கேன். இன்னும் ஒரு வாரமாவது ஆகும்."

"அதை எழுத வேண்டியதுதானே?"

"எழுதுனேனே! 'கண்ணாடி கிடக்கு, இறங்காதீங்க'ன்னு. அந்தப் பலகை மேலயே துணியைப் போட்டுட்டு இறங்குதாக. நேத்து ஒரு பிள்ளைக்குக் கால்ல ஆறு தையல். காலையில முதலைன்னு எழுதுனேன். ஒரு ஆளு இறங்கல."

சம்சு அடுப்பைப் பார்த்தார். எண்ணெய் காய்ந்துகொண்டிருந்தது. மூன்று சட்டி மாவும் அப்படியே இருந்தது.

அடுத்த வேன் வந்து நின்றது. துண்டும் கையுமாகப் பிள்ளைகள் குதித்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"பாய், ஏதோ முதலைன்னு வழியில சொல்லுதாக. நெசமா, புரளியா? கடைக்காரர் நீங்க சொன்னா நம்பலாம்."

சம்சு பலகையைத் திரும்ப ஊன்றினார்.

"ஒண்ணு இல்லீங்க, ரெண்டு கிடக்கு. அதுல ஒண்ணு குட்டி போட்டிருக்கு. வண்டியைத் திருப்புங்க."