சுறா வறை

பிள்ளை பிறந்து ஒன்பதாம் நாளாகியும் தவமலருக்குப் பால் போதவில்லை. ஊரிலிருந்து அவளுடைய தாய் போனில், "சுறா வறை குடுங்கோ தம்பி, பால் ஊறும்," என்றார். கணவன் யோகராசா, அவர்கள் குடியேறியிருந்த குளிர்நாட்டின் துறைமுகத்தில் சுறா வாங்கி, அங்கே மீன் பரிசோதிக்கும் சுகந்தியிடம் காட்டினான்.

"வேண்டாமண்ணா. ஃபாக்டரிகள் கடல்ல விட்டதெல்லாம் இதின்ர கொழுப்பில அழியாமக் கிடக்கு. அண்ணி சாப்பிட்டா, பாலோட பிள்ளைக்குப் போகும்."

வீட்டில் அவன் சுறாவுக்குப் பதிலாகச் சோயாமீற்றை அவித்து உதிர்த்து, தேங்காய்ப்பூவும் மிளகும் போட்டு வறையாக வறுத்துக் கொடுத்தான். ஒரு வாய் தின்ற தவமலர், "இந்தச் சுறா எந்தத் தோட்டத்தில விளைஞ்சது?" என்று கேட்டாள். அவன் சுகந்தி சொன்னதைச் சொன்னான்.

அவள் தாய்க்குப் போன் எடுத்து, "சுறா நல்ல ருசியம்மா," என்றாள். மிச்சத்தையும் வழித்துத் தின்றுவிட்டு, பிள்ளையை வாங்கக் கையை நீட்டினாள்.