எட்டுப் பாகத்தில் நின்ற காற்று

“டூப்ளிகேட் சரக்கக் குடுத்து என்னக் கொல்லப் பாத்தீரே, அண்ணாச்சி.”

சிலுவை அந்தப் பித்தளை வால்வைக் கண்ணாடி மேஜைமேல் வைத்த வேகத்தில், உள்ளே அடுக்கியிருந்த குழாய்கள் கிணுகிணுத்தன. கடைக்காரர் முத்துச்செல்வம் எழுந்திருக்கவில்லை. மூக்குக்கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டார்.

“உக்காரும் வே. என்ன ஆச்சுன்னு மொதல்ல சொல்லும்.”

“நேத்து சங்கு குளிக்கப் போனோம். கெளம்பும்போதே சகுனம் சரியில்ல. வெளியூருலருந்து பத்து நாள் கழிச்சு அன்னைக்குக் காலையிலதான் வீட்டுக்குப் போறேன், எம் பொண்டாட்டி பிளாரன்ஸ் வெறுங்கழுத்தா வந்து தூக்குவாளிய நீட்டுதா. தாலிச் சங்கிலி எங்க ஏளான்னு கேட்டா, அத்துட்டு, ஆசாரிகிட்டப் பத்த வைக்கக் குடுத்திருக்குங்கா.”

“அது கெடக்கட்டும். கடல்ல என்ன ஆச்சு?”

“எட்டுப் பாகம், அம்பது அடி ஆழத்துல நிக்கேன். மேல வள்ளத்துல, எனக்குக் குழாயில காத்து விடுத கம்ப்ரசர் நின்னுட்டு. நின்னாலும் டேங்குல அடைச்ச காத்து மூணு நிமிசம் வரணும்லா, அதுக்குள்ள ஏறிரலாம். எனக்கு ஒரு மூச்சு வரல. டேங்குக் காத்து பூரா வந்த வழியே திரும்பிப் போயிட்டு. அதத் தடுக்கத்தான இந்த வால்வு?”

அவன் கண்கள் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன. காதுகளில் பஞ்சு.

“போன வாரம் இத வாங்கினது உம்ம மச்சினன்தான். தண்ணிக்கா காத்துக்கான்னு ரெண்டு தடவ கேட்டுல்லா குடுத்தேன். தண்ணி வால்வு கம்ப்ரசர் சூட்டுக்கு நிக்காது.” முத்துச்செல்வம் வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். “என்ன தம்பி, கேட்டனா இல்லையா?”

வாசல்படியில் பிளாரன்ஸின் தம்பி ஜாய்சன் தெருவைப் பார்த்து நின்றிருந்தான். திரும்பாமலே தலையை ஆட்டினான்.

“அப்ப சரக்குதான் மட்டம்.”

“என் சரக்கா? ஏரல்ல நீரு கெட்டின வீட்டுக்குன்னு பாத்ரூம் குழாயிலருந்து டேங்கு வால்வு வரைக்கும் இங்கனதான வாங்கினீரு. ஒண்ணாவது ஒழுகுதா? போன வாரம் தம்பிகிட்டக் கேட்டா, எந்த வீடுங்கான்.”

“அவனுக்கு எப்படித் தெரியும்? அது என் கூட்டாளி வீடு.” வாசல்வரை கேட்கட்டும் என்று சிலுவை சத்தமாகவே சொன்னான். “நீரு வால்வப் பாரும்.”

முத்துச்செல்வம் வால்வின் அம்புக்குறி காட்டிய திசையில் வாய் வைத்து ஊதினார். காற்று போயிற்று. திருப்பிப் பிடித்து ஊதினார். அப்போதும் போயிற்று.

“இந்தப் பக்கம் போகக் கூடாதே. அம்புக்குறி டேங்கப் பாத்துத்தான மாட்டியிருந்துச்சு?”

“ஆமா. அந்தா வாசல்ல நிக்க மாப்ளதான் மாட்டினான். நானும் பாத்தேன்.”

ஸ்பேனரைப் போடப் போனவர் கையை நிறுத்தி, மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகுதான் திறந்தார். உள்ளே விரலை விட்டுத் துழாவினார்.

“சிலுவை, இதுக்குள்ள ஒரு ஸ்பிரிங்கும் தட்டும் இருக்கணும். ரெண்டும் இல்ல.”

“ஒடஞ்சிருக்கும்.”

“ஒடஞ்சா துண்டு கெடக்கும், கீறலாவது விழுந்திருக்கும். உள்ள புத்தம் புதுசா மினுங்குது. வெளிய மூடியில மட்டும் ஸ்பேனர் கவ்வின தடம், நான் கை வைக்கதுக்கு முன்னாலயே. யாரோ தெறந்து கழட்டிட்டு, திரும்ப முடுக்கியிருக்காவ வே.”

சிலுவை அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“நாளைக்கு மறுபடி எறங்கணும், அண்ணாச்சி. யாருன்னு தெரியாம எப்படி எறங்குவேன்?”

“வள்ளத்துல யாரெல்லாம் இருந்தா?”

“மூணே பேரு. நான், மாப்ள, வள்ளம் ஓட்டுத ரோச். ரோச் பயதான் செஞ்சிருக்கணும்.”

“உம்ம மேல இழுத்தது யாரு?”

“அது... ரோச்சுதான். மாப்ள பாவம், பயத்துல என் இடுப்புல கெட்டின கயித்தப் பிடிச்சபடியே வெறச்சுப் போய் நின்னுட்டானாம். ரோச் ஓடி வந்து கயித்தப் பறிச்சு இழுத்திருக்கான். கம்ப்ரசரையும் அவன்தான் தட்டிவிட்டான். ஒரே தட்டுல ஓடிட்டு.”

“நல்லா ஓடுத கம்ப்ரசர் ஏன் நின்னுச்சு? அது போகட்டும். இழுத்துக் காப்பாத்தினவனையா சந்தேகப்படுதீரு?”

“பின்ன மாப்ளயவா சந்தேகப்படச் சொல்லுதீரு?” சிலுவைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எங்க ஆளுவள்ல கயிறு பிடிக்கது எப்பவும் பொண்டாட்டி கூடப் பொறந்தவன்தான். எங்க அப்பாவுக்கு எங்க மாமா பிடிச்சாரு. வேற யாரு கையின்னாலும் ஒரு நேரம் சோந்து போவும். அக்கா கழுத்துத் தாலிய நெனைக்கவன் கையி சோராது.”

முத்துச்செல்வம் வெறும் கூடாய்க் கிடந்த வால்வை அவன் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

சிலுவை அதை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனான். மச்சினன் தோளில் கையைப் போட்டான்.

“ஏலே மாப்ள, நீயே அண்ணாச்சிகிட்டச் சொல்லு. உங்க அக்கா தாலி மேல சத்தியமாச் சொல்லு. இத யாரு கழட்டினது?”

ஜாய்சன் தோளிலிருந்த கையை எடுத்துக் கீழே விட்டான். காலையிலிருந்து முதல் தடவையாகச் சிலுவையின் முகத்தை நேராகப் பார்த்தான்.

“ஏரல் வீட்டுல இருக்கவளப் பாத்துட்டு வந்து அக்கா தாலியக் கழட்டி ஒரு வாரம் ஆச்சு, அத்தான்.”