மொத பீஸ்

முகப்பேர் ஆஸ்பத்திரி லேபில் காலை வெயில் மைக்ராஸ்கோப் மேல் சாய்ந்து விழுகிறது. அணுக்களை எண்ணும் அகல்யாவின் விரல் பட்டனில் அப்படியே நிற்கிறது. ரத்தப் புற்றுநோயில் தனியறையில் கிடக்கும் பவ்யாவுக்கு அக்கா வித்யாவின் ஸ்டெம் செல்லை, புது ரத்தம் உருவாக்கும் அணுக்களை, ஏற்றி இன்றோடு பதினாறு நாள். பத்து நாளாக ஸ்லைடில் ஒரு வெள்ளையணுகூட இல்லை. "உள்ள வாங்க சார்," என்று வாசலில் நிற்கும் பவ்யாவின் அப்பா கஜபதியை அகல்யா கூப்பிடுகிறாள். ஆவடி டேங்க் ஃபேக்டரியில் உதிரிபாகங்களைச் சோதித்துப் பழுதானதைக் கழிக்கிறவர், அதே கண்ணோடு குனிகிறார். வெளிர்சிவப்பு வட்டங்களுக்கு நடுவே ஊதாவாக ஒரு லாடம். "இன்னாமா இது, வளைஞ்சிகினு கீது?" "வெள்ளையணு சார். இன்னும் முழுசா முதிரல." அவர் முகம் தொங்கிப்போகிறது. "அரைகுறையா வந்தா நாங்க கழிச்சிடுவோமே." அகல்யாவின் சிரிப்பு மாஸ்க்கை மீறிக் கேட்கிறது. "அரைகுறையா இருக்கறதுதான் சார் நல்ல சேதி! இது ஏத்துன ரத்தத்துல வந்ததில்ல. உங்க பொண்ணு எலும்புக்குள்ள இப்பத்தான் உருவாகி வெளிய வந்திருக்கு." கஜபதி மறுபடி குனிகிறார். நிமிராமலே போனைக் காதில் வைத்து, லேபே திரும்பிப் பார்க்கும்படி கத்துகிறார்: "வித்யா! நீ குட்த்தது தங்கச்சி உள்ள ஓட ஆரம்பிச்சிட்சும்மா! மொத பீஸ் வெளிய வந்துட்சி!"