இழுத்துக் காட்டு

“இந்த வண்டி சேத்துல நிக்குமா தம்பி, இல்ல சேத்தோட போயிடுமா?”

இப்படிக் கேட்ட அம்மாளை டென்னிக்கு உடனே பிடித்துப்போயிற்று. நரைத்த தலை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் இப்படி வருவதில்லை. பெயர் ஆர்டிஸ், வெளியூர் என்றார்.

மறுநாள் சனிக்கிழமை, மான் வேட்டை தொடங்குகிறது. கிழக்கு மொன்டானாவில் அன்றைக்கு முடிதிருத்துபவர் முதல் பாதிரியார் வரை வேட்டைக்காரர்களின் ஆரஞ்சுச் சட்டையை மாட்டிக்கொண்டு குன்றுச் சரிவில் கிடப்பார்கள். டென்னியின் அண்ணன்கள் நேற்றே கூடாரம் அடித்துவிட்டார்கள். அவன் போவது மட்டும் இந்த வண்டிக் கடையின் முதலாளி மெர்ல் கையில் இருந்தது. இன்று பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொன்ன மெர்ல், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். சாயந்திரத்துக்குள் ஒரு வண்டியை விற்றால் நாளைக்கு லீவு. இல்லாவிட்டால் நாளைக்குக் கடையைத் திறப்பது டென்னிதான்.

காலையிலிருந்து ஈ, காக்கைகூட வரவில்லை. இப்போதுதான் ஆர்டிஸ் வந்திருக்கிறார். டென்னிக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதலில் பெரிய எஸ்யுவியைக் காட்டினான். ஏழு பேர் உட்காரலாம், மழை உள்ளே வராது, வீட்டுக்கும் ஆகும், வேட்டைக்கும் ஆகும் என்று அடுக்கினான். ஆர்டிஸ் பின்கதவைத் திறந்து எட்டிப்பார்த்தார்.

“சுட்ட மானை இதுக்குள்ளயா போடுறது?”

“கீழ ஒரு தார்ப்பாய் விரிச்சுட்டா போதுங்க மேடம்.”

“உனக்குக் கல்யாணம் ஆயிடுச்சா?”

“இன்னும் இல்லைங்க.”

“அதான்” என்று சொல்லிக் கதவைச் சாத்தினார்.

அடுத்தது பிக்கப். டென்னி பின்தட்டில் ஏறி, காலை மடக்கிப் படுத்து, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் கொம்புபோல் விரித்தான். எப்பேர்ப்பட்ட கலைமானும் கொம்போடு அடங்கிவிடும் என்று படுத்தபடியே விளக்கினான். ஆர்டிஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஆனாலும் தட்டின் நீளத்தையோ சீட்டையோ அவர் பார்க்கவில்லை. இழுவைக் கொக்கியை மட்டும் குனிந்து ஆட்டி ஆட்டிப் பார்த்தார். நாலு சக்கரமும் சேர்ந்து சுற்றுமா, மேட்டில் நின்றபடி பள்ளத்தில் இருப்பதை இழுக்குமா என்றெல்லாம் கேட்டார். குதிரை வண்டி, படகு, வைக்கோல் வண்டி எதையும் இழுக்கும் என்றான் டென்னி.

“வாய்ல எல்லாரும் இழுப்பாங்க தம்பி. நீ இழுத்துக் காட்டு.”

சொல்லிவிட்டுத் தன் சின்னக் காரிலிருந்து கையகலமுள்ள தடித்த இழுவைப் பட்டை ஒன்றை எடுத்துவந்து பிக்கப்பில் போட்டார். இவ்வளவு ஆயத்தமாக வந்தவர் வாங்காமல் போகமாட்டார் என்று டென்னி மனசுக்குள் துப்பாக்கியைத் துடைக்கவே ஆரம்பித்துவிட்டான்.

இரண்டு நாளாக மழை. இந்தப் பக்கத்துக் களிமண் நனைந்துவிட்டால் கிண்டிய களிதான். மழை பெய்த மறுநாள் சரளைச் சாலையை விட்டு இறங்கக்கூடாது என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். ஆர்டிஸ் இடது பக்கம், வலது பக்கம் என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். வெளியூர்க்காரருக்கு இந்த வழி எப்படித் தெரியும் என்று யோசிக்கிற நிலையில் டென்னி இல்லை.

ஓடைக் கரையில் நிறுத்தச் சொன்னார். சாலைக்குக் கீழே ஒரு பிக்கப் அச்சுவரை புதைந்து நின்றது. கண்ணாடிவரை சேறு அப்பியிருந்ததில் நிறமும் தெரியவில்லை, கம்பெனியும் தெரியவில்லை. சுற்றிலும் புதர்தான், ஆளைக் காணோம்.

“யாரோ பாவம் மாட்டிக்கிட்டாங்க போல. அதை இழு, பார்ப்போம்.”

வழியில் சிக்கிய வண்டியை விட்டுவிட்டுப் போகிற பழக்கம் அந்த ஊரில் கிடையாது. டென்னி உற்சாகமாகப் பட்டையை மாட்டினான். ஆற்றுக்கு அந்தப் பக்கத்துக் கடையில் வாங்கிய வண்டியாகத்தான் இருக்கும், அவர்கள் விற்பதெல்லாம் இப்படித்தான் என்றான். வேட்டைக்கு முந்தின நாளே வந்து நல்ல மான் எங்கே மேய்கிறது என்று வேவு பார்க்கிற பேராசைக்காரன் வேலை இது என்றும் சொன்னான்.

“மூளை இருக்கிறவன் இந்த மண்ணுல இறங்குவானா மேடம்? இவனையெல்லாம் ராத்திரி பூரா இங்கயே ஊற வைக்கணும்.”

ஆர்டிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு இருமினார். சாவி வண்டியிலேயே இருந்தது. இந்தப் பக்கம் யாரும் சாவியை எடுப்பதில்லை. அவர் உள்ளே ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டார். டென்னி மேலிருந்து இழுத்தான். சக்கரம் கத்தியது, புகை வந்தது, பிறகு சேறு சளக்கென்று ஒரு பெரிய முத்தம் கொடுத்து வண்டியை விட்டது. சாலைக்கு வந்ததும் டென்னி குதித்து இறங்கி, கடைக்குப் போய்க் கையெழுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்டான்.

ஆர்டிஸ் கீழே இறங்கினார். புதர்ப் பக்கம் திரும்பிக் கையைத் தட்டினார்.

“வெளிய வாடா. உன் வண்டி வந்தாச்சு. டிராக்டர்காரன்கிட்ட கேட்டா ஊரே சிரிக்கும்னு அக்காவைப் போய் இந்தப் பிள்ளைகிட்ட நடிக்க விட்டுட்டியே.”

புதர் விலகியது. தொடைவரை களிமண்ணும் கழுத்தில் தொங்கும் தொலைநோக்கியுமாக முதலாளி மெர்ல் வெளியே வந்தார். டென்னியைப் பார்க்காமல் டயரைப் பார்த்தபடி, “நாளைக்கு லீவு எடுத்துக்கோ. கடையில மட்டும் வாயத் திறக்காத” என்றார்.

டென்னி டயரையும் தொலைநோக்கியையும் மாறி மாறிப் பார்த்தான். வந்த சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான். அந்தக் கடித்த பல்லை ஓரக்கண்ணால் அளந்து பார்த்த மெர்ல் பெருமூச்சுவிட்டார்.

“சரி, திங்கக்கிழமையும் எடுத்துக்கோ.”