எடுத்துக்காட்டுக்கு ஓர் ஆள்

"கையைக் குடுக்காதீங்க சென்னகிருஷ்ணன். அவங்களே ஏறட்டும்."

மாடியில் நின்றபடி டாக்டர் பத்மாவதி சொன்னது, பாதிப் படியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த பொற்கொடியின் காதில் தெளிவாகவே விழுந்தது.

நீட்டிய கையைச் சென்னகிருஷ்ணன் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

இளம்பிள்ளை வாதம் வந்த இடது காலுடன், கக்கத்தில் கட்டையை ஊன்றிக்கொண்டு, சரவணம்பட்டியிலிருந்து டவுன் பஸ் பிடித்துப் பீளமேட்டுக்கு வேலை கேட்டு வந்திருந்தாள் பொற்கொடி. அப்பா காளிச்சாமி வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள். இந்த வேலை அவளுக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

அதுவும் எப்பேர்ப்பட்ட இடம்! கோயமுத்தூரில் பாதிப் பேருக்கு இன்டர்நெட் என்றால் என்னவென்றே தெரியாத 1999-ஆம் வருஷத்தில், டாக்டர் பத்மாவதியும் பிசியோதெரபி நிபுணர் சென்னகிருஷ்ணனும் சேர்ந்து அதில் ஒரு தளம் நடத்தினார்கள். ஒருவரால் எதெல்லாம் செய்ய முடிகிறது, எது முடியவில்லை, எதனால் முடியவில்லை என்று வகை பிரிக்கும் முறையைப் பற்றிய பாடங்கள். உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படித்துக்கொள்ளலாம். போன் பில் மட்டும் டாக்டர் தலையில்.

பாடங்களைத் தமிழிலும் போட டைப் அடிக்க ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார்கள். ஆபீஸ் என்பது டாக்டர் வீட்டு மாடி.

ஊனத்தைப் பற்றி ஊருக்கே பாடம் எடுக்கிறவர், ஏற முடியாதவளை நின்று வேடிக்கை பார்க்கிறாரே! பல்லைக் கடித்துக்கொண்டு ஏறி முடித்தாள் பொற்கொடி.

தண்ணீர் குடித்து முடிப்பதற்குள் டாக்டர் கேட்டார்: "எந்த எடத்துல ரொம்பச் சிரமமா இருந்துச்சுங்க அம்மணி?"

"திரும்பற எடத்துலீங்க."

"அங்க ஒரு கைப்பிடி இருந்திருந்தா?"

"கொஞ்சம் தேவலைங்க. ஆனா அதைப் புடிச்சா கட்டையை எங்க வெக்கறது?"

கேட்டுக்கொண்டிருந்த சென்னகிருஷ்ணனுக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு போனது. "மேடம், நம்ம பாடத்துக்கு ஒரு எடுத்துக்காட்டு வேணும்னு தேடிட்டிருந்தமுங்களே! இவங்களையே போட்டரலாமுங்க. 'படி ஏறுதல்: கடுமையான சிரமம்'." சொல்லிக்கொண்டே கம்ப்யூட்டரில் தட்ட ஆரம்பித்துவிட்டார்.

பொற்கொடிக்குச் சுருக்கென்றது. திட்டினாலும் 'ங்க' போட்டுத் திட்டுகிற ஊர். அவளும் மரியாதைக்குக் குறை வைக்காமல்தான் ஒரு பிடி பிடித்தாள்.

"ஏனுங்க சார், நான் டைப் அடிக்க வந்தனுங்க. உங்களுக்குப் பாடம் ஆவறதுக்கு வரலீங்க. கீழ ஒரு மேசையைப் போட்டுக் குடுங்க, உங்களைவிட வேகமா அடிச்சுக் காட்டறனுங்க. ஆபீசை மாடியில கொண்டுபோய் வெச்சுப்போட்டு, ஏற முடியலைன்னு என்னையப் பத்தி எழுதறீங்களே, இது நாயமுங்களா? கோளாறு எங்கிட்ட இல்லீங்க. உங்ககிட்டத்தான் இருக்குது!"

சென்னகிருஷ்ணனின் விரல்கள் அப்படியே நின்றன.

டாக்டர் எழுந்து, "சரிங்க அம்மணி, போயிட்டு வாங்க. சொல்லி அனுப்பறோம்" என்றார்.

டைப் அடித்துக் காட்டச் சொல்லிக்கூடக் கேட்கவில்லை.

வீட்டில் விஷயத்தைக் கேட்டுக் காளிச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அத்தனை பெரிய டாக்டரம்மாவையா கண்ணு எதுத்துப் பேசிப்போட்டு வந்தே? இனி எங்க கூப்புடப் போறாங்க?"

"கூப்புடாட்டிப் போறாங்க" என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டாளே தவிர, அவளுக்கு அழுகை முட்டியது. சொன்னது நியாயம்தான். ஆனால் நியாயம் அரிசி வாங்கித் தருமா?

அடுத்த வாரம் மளிகைக்கடை போனுக்குத் தகவல் வந்தது. வரச் சொல்கிறார்களாம்.

டாக்டர் வீட்டு வாசலில் கார் வெயிலில் நின்றுகொண்டிருந்தது. கேட்டைத் திறந்து, படிக்கட்டைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள் பொற்கொடி.

"அங்க இல்லீங்க, இங்க வாங்க!"

கார் ஷெட்டிலிருந்து சென்னகிருஷ்ணன் கூப்பிட்டார். வாசலில் புதிதாகச் சிமெண்டுச் சரிவு. உள்ளே சுண்ணாம்பு மணம் போகவில்லை. கம்ப்யூட்டர், மேசை, மாடியிலிருந்து இழுத்து வந்த போன் வயர். இவளுக்கென்று ஒரு நாற்காலி.

"மொத வேலை இதுதானுங்க" என்று ஒரு தாளை நீட்டினார் சென்னகிருஷ்ணன். "எடுத்துக்காட்டுப் பாடம். அன்னைக்கு நடந்ததைத்தான் எழுதியிருக்கறோம்."

ஆக, எழுதியே விட்டார்கள். வேலை வேண்டுமென்றால் தன் கதையைத் தானே அடித்து உலகத்துக்குக் காட்ட வேண்டுமா?

வாங்கிய தாளைப் பார்க்கப் பிடிக்காமல், உள்ளே நின்றிருந்த டாக்டர் பக்கம் திரும்பினாள் பொற்கொடி. "ஒண்ணு கேக்கலாமுங்களா மேடம்? அன்னைக்கு ஏனுங்க கை குடுக்க வேண்டாம்னு சொன்னீங்க?"

"நீங்க கேக்கலையேங்க அம்மணி. கேக்காம ஒருத்தரைப் புடிச்சுத் தூக்கறதுக்கு நாங்க ஆருங்க? வேணுமான்னு நானாவது கேட்டிருக்கோணும். அது தப்புத்தான்." டாக்டர் சிரித்தார். "ஆனா ஒண்ணு. அன்னைக்குக் கை குடுத்து ஏத்தியிருந்தா, எங்க படிக்கட்டுல ஒரு குத்தமும் இல்லைன்னு இன்னமும் நெனைச்சுட்டு இருந்திருப்போம். படிச்சுப் பாருங்க, தப்பு இருந்தா சொல்லுங்க."

மனசைத் திடப்படுத்திக்கொண்டு தாளைப் பிரித்தாள்.

'எடுத்துக்காட்டு ஒன்று. செயல்: தகுதியுள்ளவரை வேலைக்குச் சேர்த்தல். நிலை: கடுமையான சிரமம். காரணம்: ஆபீசை மாடியில் வைத்தது. சிரமப்பட்டவர்கள்: டாக்டர் பத்மாவதி, சென்னகிருஷ்ணன். சிகிச்சை: நேர்காணலுக்கு வந்த பெண் கொடுத்த திட்டு. பலன்: பூரண குணம்.'