மூன்று கையெழுத்து

பொதுமக்களுக்கு இதனால் அறிவிக்கப்படுவது என்னவென்றால், ஒரு மனிதருக்கு ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கலாம் என்று திருமணப் பதிவாளர் தீர்மானித்திருந்தார். எதிரே நின்ற மணப்பெண்ணுக்கோ மூன்று இருந்தன. அடையாள அட்டையில் ஒன்று, விண்ணப்பத்தில் ஒன்று, இப்போது அவர் கண் முன்னால் பதிவேட்டில் போட்டது ஒன்று.

“ஏம்மா, ஒரு மாப்பிள்ளைக்கு மூணு பொண்ணா?”

“மூணும் நான்தான் சார். எனக்கு மல்ட்டிபிள் ஸ்க்லெரோசிஸ். நரம்பு மேல இருக்கிற உறை அரிச்சுப்போற வியாதி. ஒரு நாள் கை சொன்னபடி கேக்கும், ஒரு நாள் மரத்துப்போயிடும்.”

“பார்க்க நல்லாத்தானே இருக்கீங்க?”

“கல்யாணப் பொண்ணுல்ல? அப்படித்தான் இருப்பேன்.”

மாப்பிள்ளை சிரித்துவிட்டான். பதிவாளருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“சிரிப்பு வேறயா? மூணையும் அரசு கையெழுத்து நிபுணருக்கு அனுப்பறேன். அங்கேருந்து அறிக்கை வராம கல்யாணம் கிடையாது. அவங்க கண்ணுல மண்ணைத் தூவ முடியாதும்மா!”

“சார், அது வந்து...” என்று மாப்பிள்ளை வாயெடுத்தான்.

“நீங்க சும்மா இருங்க. அனுப்பட்டும்” என்றாள் அவள். “கைதான் நடுங்கும், நான் நடுங்க மாட்டேன்.”

மூன்றாம் நாளே அறிக்கை வந்துவிட்டது.

‘மூன்றையும் இட்டவர் ஒருவரே. அதில் ஐயமில்லை. இட்டவள் நான்.’

கீழே அரசு கையெழுத்து நிபுணர் என்ற பதவியும், மணப்பெண்ணின் பெயரும், நாலாவது மாதிரியில் ஒரு கையெழுத்தும் இருந்தன.

முத்திரை சரியாக இருந்ததால் பதிவாளர் ஏற்றுக்கொண்டார்.