முள்ளைத் திருப்பியவன்

சூசை அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். ஐம்பது கிலோ என்றால் என்னவென்று அவன் முதுகுக்குத் தெரியும். மகள் செலின் ஐம்பத்திரண்டு இருந்தாள். உயரத்துக்கு ஏற்ற எடைதான், ஒரு குறையும் இல்லை என்று நர்சம்மாவே சொன்னாள். செலின் கேட்கவில்லை. எடை மெஷின் ஒன்று வாங்கி வந்து, நாற்பத்தைந்து ஆன பிறகுதான் சோறு என்று இருந்துவிட்டாள்.

மெஷினுக்கு அடியில் முள்ளைத் திருப்ப ஒரு சின்னச் சக்கரம் இருந்தது. எடையில் கள்ளம் செய்வதை மண்டியில் எத்தனை பார்த்திருக்கிறான். அவள் குளிக்கப் போன நேரம் ஏழு கிலோவைக் குறைத்து வைத்தான்.

ஏறிப் பார்த்தவள் சிரித்தாள்.

"இனி சாப்பிடலாம்லா மக்கா?"

"நாப்பது வந்துரட்டும்பா."

சில நாள் விட்டு நாற்பதையும் அவனே காட்டி, முள் அதைவிட இறங்காதபடி அவ்வப்போது சக்கரத்தைத் தொட்டு வைத்தான். அப்போதும் தட்டைத் தள்ளினாள். தள்ளிய கையில் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. பொய் போதும் என்று பட்டது அவனுக்கு. இரண்டு மாதத்துக்குப் பிறகு சக்கரத்தைப் பழையபடி திருப்பி, முள்ளைச் சுழியத்தில் நிறுத்தினான்.

காலையில் செலின் ஏறினாள். முள் நாற்பதில் நின்றது.

மெஷின் கெட்டுவிட்டதென்று அவளை இறக்கிவிட்டுத் தானே ஏறினான். எழுபது. எப்போதும் உள்ள அதே எழுபது.

"மிசின் சரியாத்தான் இருக்கு. தள்ளுங்கப்பா," என்றாள் செலின். "நான் இன்னொரு தடவ பாக்கணும்."